வடை ஏன் எண்ணெய் குடிக்கிறது? வீட்டில் பொரிக்கத் தொடங்குபவர்களுக்கு

வடை சுடுகிறோம், பஜ்ஜி போடுகிறோம், முறுக்கு பிழிகிறோம், அப்பளம் பொரிக்கிறோம். சொல் நான்கானாலும் வேலை ஒன்றுதான். பண்டிகைக்கு முந்தின நாள் "இன்னிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கணும்" என்று வீட்டில் சொல்வார்களே, அந்த வேலை. தனியாகச் சமைக்க ஆரம்பித்தவர்கள் சாம்பார், ரசம், பொரியல் வரை தைரியமாக வந்துவிட்டு இந்த ஓர் இடத்தில் மட்டும் நின்றுவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் தெறிக்குமோ என்ற பயம் ஒரு பக்கம். அதையும் தாண்டி ஒருநாள் சுட்டுப் பார்த்தால் வடை எண்ணெயைக் குடித்துவிட்டு, வெளியே கருத்து, உள்ளே மாவாக இருக்கும். அதோடு "எனக்கு இது வராது" என்று வாணலியை மேல் அலமாரியில் ஏற்றிவிடுகிறார்கள்.

வரும். சட்டிக்குள் என்ன நடக்கிறது என்று ஒருமுறை புரிந்துவிட்டால் போதும், தீயை எப்போது ஏற்றுவது, எப்போது குறைப்பது, எப்போது எடுப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது. நான் சொல்லப்போவது எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வரும்: பொரிப்பது என்பது மாவில் இருக்கும் தண்ணீரை வெளியே அனுப்புகிற வேலை. எண்ணெய் அதற்குச் சூட்டைக் கொண்டுவந்து கொடுக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு உளுந்து வடையைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஊறவைத்து அரைத்த உளுந்து மாவில் பாதிக்கு மேல் தண்ணீர். காய்ந்த எண்ணெய் 170, 180 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. தண்ணீரோ 100 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் வடை எண்ணெயில் விழுந்த கணமே அதன் மேல்புறத்துத் தண்ணீர் ஆவியாகிக் குமிழ் குமிழாகப் பாய்ந்து வெளியே வருகிறது. "எண்ணெய் நல்லா கொதிக்குது" என்று சொல்கிறோம், உண்மையில் அங்கே கொதிப்பது வடைக்குள் இருக்கும் தண்ணீர். வெறும் எண்ணெயை அதே 180 டிகிரிக்குக் காயவைத்தால் அது சத்தமில்லாமல் கிடக்கும், மேலே லேசாக நெளிவு மட்டும் தெரியும். வடையைப் போட்டதும் எழுகிற அந்தச் சடசடப்பு முழுக்கத் தண்ணீர் போடுகிற சத்தம்.

இந்த ஆவி வெளியே தள்ளிக்கொண்டு வரும் வரைக்கும் எண்ணெயால் உள்ளே அவ்வளவாக நுழைய முடியாது. இதற்கிடையில் வடையின் மேல்புறம் காய்ந்து ஓடு கட்டுகிறது. காய்ந்த இடத்தில் தண்ணீர் இல்லாததால் அங்கே சூடு 100 டிகிரியைத் தாண்டி ஏறுகிறது, 140 டிகிரி வாக்கில் மாவின் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பொன்னிறத்தையும் அந்த வாசனையையும் உண்டாக்குகின்றன. வெந்நீரில் வேகும் எதுவும் ஏன் பொன்னிறமாவதில்லை என்பதற்கும் இதுதான் காரணம், தண்ணீருக்குள் அந்தச் சூடு வராது. வடையின் உள்பக்கத்தில் தண்ணீர் மிச்சமிருப்பதால் அது 100 டிகிரியைத் தாண்டாமல் இட்லி மாதிரி ஆவியிலேயே வேகிறது. நடுவில் ஓட்டை போடுவதும் அதற்காகத்தான், சூடு நடுப்பகுதிக்குப் போக வேண்டிய தூரம் குறைந்துவிடும். ஓட்டையில்லாமல் தடியாகத் தட்டிய வடை வெளியே சிவந்த பிறகும் நடுவில் பச்சை மாவாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

சரி, அப்படியானால் எண்ணெய் எப்போது உள்ளே போகிறது? பெரும்பகுதி போவது சட்டியை விட்டு வெளியே வந்த பிறகு. இது எனக்கு முதலில் நம்பவே முடியாமல் இருந்தது. வடையை எடுத்ததும் அது ஆறத் தொடங்குகிறது. உள்ளே இருந்த ஆவி மறுபடி தண்ணீராகச் சுருங்குகிறது, சுருங்கியதும் உள்ளே ஒரு வெற்றிடம் உண்டாகி, மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் எண்ணெயை அந்தச் சின்னச் சின்னத் துளைகள் வழியே இழுத்துக்கொள்கிறது. வடை எண்ணெய் குடிப்பது தட்டில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில்.

இதைத் தெரிந்துகொண்டதும் என் கை செய்கிற வேலை மாறிவிட்டது. இப்போது ஜல்லிக்கரண்டியில் எடுத்தவுடன் சட்டிக்கு மேலேயே பிடித்து இரண்டு மூன்று முறை நன்றாக உதறி, வாணலியின் ஓரத்தில் சில விநாடி சாய்த்துவைத்து, மேலே மினுக்கும் எண்ணெய் வழியும்போதே சல்லடைக்கு மாற்றிவிடுகிறேன். காகிதத்தில் வைப்பதென்றால் சூடாக இருக்கும்போதே வைத்து ஒருமுறை புரட்டிவிட வேண்டும், ஆறிய பிறகு ஒற்றி எடுத்துப் பிரயோஜனம் இல்லை, எண்ணெய் உள்ளே போயிருக்கும். செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை சாப்பாட்டில் ஏறும். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவதும் மூடிவைப்பதும் கூடாது. வெளிவரும் ஆவி மூடியில் பட்டு நீராகி வடை மேலேயே விழுந்து, பத்து நிமிடத்தில் நமுத்துப்போய்விடும்.

சூடு குறைந்தால் என்ன ஆகும்

பயத்தில் எல்லோரும் செய்வது தீயைக் குறைப்பது. சிம்மில் வைத்து மெதுவாகச் சுட்டால் கருகாது, எண்ணெயும் தெறிக்காது என்று தோன்றும். ஆனால் எண்ணெய் 130, 140 டிகிரியிலேயே நின்றால் ஆவி சோம்பலாகத்தான் வரும், ஓடு கட்ட நேரமாகும், வடை எண்ணெயில் அதிக நேரம் ஊறிக் கிடக்கும். எடுத்துப் பார்த்தால் வெளிறிப்போய், கையில் பிடித்தால் எண்ணெய் சொட்டும். வீட்டில் எண்ணெய் அதிகம் செலவாகிறது என்று அலுத்துக்கொள்பவர்களில் பாதிப் பேர் தீயைக் கூட்டினாலே போதும் என்பது என் எண்ணம்.

இன்னொரு காரணம், ஒரு ஈட்டில் நிறையப் போட்டுவிடுவது. இதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஒரே எடையுள்ள எண்ணெயையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டால், ஒரு டிகிரி சூடேற்ற எண்ணெய்க்குத் தண்ணீரைப்போல ஏறக்குறையப் பாதி வெப்பம் போதும். அதனால் அது சீக்கிரம் காயும், அதே மாதிரி சீக்கிரம் சூட்டையும் இழக்கும். வாணலியில் அரை லிட்டர் எண்ணெய் இருக்கிறது என்று வையுங்கள். 40 கிராம் மாவில் தட்டிய ஒரு வடை, அறைச் சூட்டிலிருந்து 100 டிகிரிக்கு வருவதற்கே அந்த எண்ணெயிலிருந்து சுமார் 10 டிகிரியை எடுத்துக்கொள்ளும். ஐந்து வடை ஒன்றாகப் போட்டால் 50 டிகிரி. 180இல் இருந்தது 130க்கு வந்துவிடும், அப்புறம் தண்ணீரை ஆவியாக்குவதற்கு வேறு வெப்பம் வேண்டும், அதுதான் பெரிய செலவு. அடுப்பு கீழே எரிந்துகொண்டிருப்பதால் இவ்வளவு மோசமாக இறங்காது, ஆனாலும் சின்ன வாணலியில் மூன்று வடைக்கு மேல் போடாதீர்கள் என்று ஏன் சொல்கிறார்கள் என்பது புரியும். கடைகளில் பெரிய சட்டி நிறைய எண்ணெயும் சீறுகிற அடுப்பும் இருப்பதால் அவர்கள் இருபது வடையை ஒன்றாகப் போட்டாலும் சூடு தாங்கும். அதைப் பார்த்து வீட்டில் நாம் செய்ய முடியாது. கனமான இரும்புச் சட்டி இருந்தால் நல்லது, அது சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒவ்வொரு ஈடு எடுத்ததும் உடனே அடுத்ததைப் போடாமல் அரை நிமிடம் விடுங்கள், எண்ணெய் பழைய சூட்டுக்கு வரட்டும்.

மூன்றாவது, மாவில் தண்ணீர் அதிகம். தண்ணீர் வெளியேறிய வழியில்தான் எண்ணெய் உள்ளே போகிறது, ஆக எவ்வளவு தண்ணீரோ அவ்வளவு வழி. உளுந்து அரைக்கும்போது தண்ணீரை ஊற்றாமல் தெளித்துத் தெளித்து அரைக்கச் சொல்வது இதற்காக. அரைத்த மாவைக் கையால் ஒரு பக்கமாகவே அடித்துக் காற்றேற்றி, ஒரு சொட்டை ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் மாவு தயார், மூழ்கினால் இன்னும் அடிக்க வேண்டும். தண்ணீர் கூடிப்போய் கையில் நிற்காமல் வழிந்தால் ஒன்றிரண்டு கரண்டி அரிசி மாவு சேர்த்துச் சமாளிக்கலாம், வடை கொஞ்சம் கடினமாகும், பரவாயில்லை. சமையல் சோடாவும் இதே கதைதான். ஒரு சிட்டிகை பஜ்ஜியை உப்பவைக்கும். கூடிப்போனால் மாவு முழுக்கப் பஞ்சு மாதிரி துளை விழுந்து, அத்தனையிலும் எண்ணெய் ஏறிக்கொள்ளும்.

எண்ணெயில் ஒரு கொட்டைப்பாக்கு அளவு புளியைப் போட்டால் பலகாரம் எண்ணெய் குடிக்காது என்று ஒரு பழக்கம் பல வீடுகளில் உண்டு, உப்பைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். உப்பு எண்ணெயில் கரையாது, அடியில் போய் உட்காரும். புளியை நானும் போட்டுப் பார்த்திருக்கிறேன், தீ சரியாக இருந்த நாளில் புளி இல்லாமலும் வடை நன்றாக வந்தது, தீ சரியில்லாத நாளில் புளி போட்டும் குடித்தது.

எண்ணெய் காய்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது

சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் மிகவும் உதவும், நாலைந்து முறை அதை வைத்துப் பழகினால் அப்புறம் அது இல்லாமலே கண்ணும் காதும் கற்றுக்கொண்டுவிடும். இல்லையென்றாலும் கவலையில்லை, பாட்டி காலத்து முறையே போதும். மிளகளவு மாவைக் கிள்ளி எண்ணெயில் போடுங்கள். அது அடிக்குப் போய் அங்கேயே கிடந்து, ஒன்றிரண்டு குமிழ் மட்டும் விட்டால் இன்னும் காயவில்லை. அடிக்குப் போய் மெதுவாக மேலே வந்தால் அதிரசம், தட்டை மாதிரி நிதானமாக வேக வேண்டியவற்றுக்குச் சரி. போட்டதும் அடியைத் தொட்டுவிட்டு உடனே மேலே வந்து சுற்றிலும் குமிழ் கட்டினால் வடைக்கும் பஜ்ஜிக்கும் ஏற்ற சூடு. மேலே வந்த வேகத்திலேயே சிவந்து கருத்தால் அதிகம், அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் விடுங்கள். தண்ணீரைத் தெளித்துப் பார்ப்பவர்கள் உண்டு, அதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். எண்ணெயிலிருந்து புகை எழுந்தாலும் அது காய்ந்ததற்கு அடையாளம் இல்லை, கெட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கான அடையாளம்.

சுமாராகச் சொன்னால் அதிரசத்துக்கு 150, 160 டிகிரி. பாகில் உள்ள வெல்லம் சீக்கிரம் கருகிவிடும் என்பதால் சூடு கூடக்கூடாது, அதனால்தான் அது எண்ணெயும் கொஞ்சம் பிடிக்கும், எடுத்ததும் இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து அழுத்திப் பிழிகிறோம். முறுக்கு, தட்டை, சீடைக்கு 160, 170. வடை, பஜ்ஜிக்கு 170, 180. பூரிக்கும் அப்பளத்துக்கும் 190 வாக்கில் வேண்டும், ஏனென்றால் அவை மெல்லியவை, சில விநாடியில் முடிய வேண்டிய வேலை. பூரி உப்புவது முழுக்க ஆவியின் வேலைதான். மேலும் கீழும் மாவு சட்டென்று இறுகி, நடுவில் இருக்கும் தண்ணீர் ஒரே நேரத்தில் ஆவியானால் இரண்டு பக்கமும் பிரிந்து பந்தாகும். எண்ணெய் காயாமல் இருந்தால் ஆவி கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெளியே போய்விடும், பூரி தட்டையாக அப்பளம் மாதிரி ஆகும். ஒரு இடம் மெல்லியதாகவும் ஒரு இடம் தடிமனாகவும் தேய்த்தாலும் இதே கதி. தேய்க்கும்போது வரமாவு தொடாமல் துளி எண்ணெய் தொட்டுக்கொள்ளுங்கள், உதிர்கிற மாவு எண்ணெயின் அடியில் கருகி அடுத்தடுத்த ஈட்டையெல்லாம் அழுக்காக்கும்.

காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்

என் அம்மா தீபாவளிக்கு முறுக்கு சுடும்போது அடுப்புக்கு என்னை நிறுத்திவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து அடுத்த மாவைப் பிசைந்துகொண்டிருப்பார். சட்டியை அவரால் பார்க்க முடியாது. ஆனாலும் நடுவில் "சத்தம் அடங்கிடுச்சு பாரு, எடு" என்று குரல் வரும், எடுத்துப் பார்த்தால் சரியான பதத்தில் இருக்கும். அப்போது எனக்கு அது அம்மாவின் அனுபவம் என்று மட்டும்தான் தெரிந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்தது முறுக்கில் மிச்சமிருந்த தண்ணீரை.

மாவு விழுந்ததும் சடசடவென்று பெரிய சத்தம், மேற்பரப்புத் தண்ணீர் போகிறது. அப்புறம் ஒரே சீரான சலசலப்பு, அது உள்ளே இருந்து வரும் தண்ணீர். பிறகு குமிழ்கள் சிறுத்து, எண்ணிக்கை குறைந்து, சத்தம் கிசுகிசுப்பாகிவிடும். முறுக்கு, தட்டை, சீடை, ஓமப்பொடி எல்லாம் நாள்பட வைத்துச் சாப்பிடுபவை, அவற்றில் தண்ணீர் மிச்சம் இருக்கக்கூடாது, அதனால் குமிழ் கிட்டத்தட்ட நின்ற பிறகு எடுக்க வேண்டும். நன்றாகப் பொரிந்த முறுக்கு காற்றுப்புகாத டப்பாவில் பதினைந்து நாள் கரகரப்பாக இருப்பதும், வடை மறுநாளே ஊசிப்போவதும் இந்த ஒரு வித்தியாசத்தால்தான். வடைக்கும் போண்டாவுக்கும் உள்ளே மென்மை வேண்டும், சத்தம் முழுக்க அடங்கும்வரை காத்திருந்தால் கல்லாகிவிடும். சலசலப்பு பாதியாகக் குறைந்து, இரண்டு பக்கமும் ஒரே நிறத்துக்கு வந்ததும் எடுத்துவிடலாம். புதிதாகச் செய்பவர்களுக்கு நான் சொல்வது, எண்ணெய்ச் சட்டி வைக்கும் அந்த ஒரு மணி நேரம் டிவியையும் பாட்டையும் நிறுத்திவையுங்கள்.

சீடை வெடிப்பது

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வருடா வருடம் கோகுலாஷ்டமி சமயத்தில் யாராவது ஒருவர் இதனால் சுட்டுக்கொள்கிறார்கள். என் வலது முழங்கைக்குக் கீழே இன்றும் ஒரு தழும்பு இருக்கிறது, அவசரத்தில் மாவைச் சலிக்காமல் உருட்டிப் போட்ட சீடையால் வந்தது.

1 மில்லி தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 மில்லி இடத்தை அடைக்கும். வடைக்கும் முறுக்குக்கும் மேல்புறத்தில் நிறைய வழி இருப்பதால் ஆவி சுலபமாக வெளியே போய்விடுகிறது. சீடை உருண்டை, நாம் அழகாக இருக்க வேண்டும் என்று உள்ளங்கையில் வைத்து அழுத்தி வழவழவென்று உருட்டிவிடுகிறோம். எண்ணெயில் போட்டதும் வெளி ஓடு இறுகிவிடும், உள்ளே ஆவி சேர்ந்துகொண்டே இருக்கும், போக வழி கிடையாது. ஓடு தாங்காதபோது வெடிக்கிறது, கூடவே எண்ணெயையும் வாரி இறைக்கிறது. சலிக்காத மாவில் ஒரு சின்னக் குருணை இருந்தாலும், உளுந்து சரியாகப் பொடியாகாமல் இருந்தாலும் அந்த இடத்தில் ஈரம் தேங்கி இதே மாதிரி ஆகும்.

அதனால் அரிசி மாவையும் வறுத்து அரைத்த உளுந்து மாவையும் சின்னக் கண் உள்ள சல்லடையில் இரண்டு முறை சலியுங்கள். தேங்காய், எள் எல்லாம் ஈரமில்லாமல் இருக்கட்டும். மாவை இறுக்கிப் பிசைய வேண்டாம், உருட்டும்போதும் அழுத்தாமல், மேலே லேசாகச் சொரசொரப்பு இருக்கிற மாதிரி உருட்டினால் போதும், அழகு குறைந்தால் குறையட்டும். உருட்டியதை வெள்ளைத் துணியில் பரப்பி அரை மணி நேரம் மேல் ஈரம் காயவிட்டு, ஊசியாலோ பல்குத்தும் குச்சியாலோ ஒவ்வொன்றிலும் ஒரு குத்து. முதலில் ஒரே ஒரு சீடையைப் போட்டு, சட்டிக்கு மேல் ஒரு தட்டைக் கேடயம் மாதிரி சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தள்ளி நின்று பாருங்கள். அது வெடிக்காமல் வந்தால் கொஞ்சம் கொஞ்சமாக மற்றவை. வெடித்தால் அந்த மாவைத் தட்டையாகத் தட்டிவிடுங்கள், தட்டை வெடிப்பது அபூர்வம், அதிலும் முள்கரண்டியால் குத்திவிட்டால் பயமேயில்லை. குழந்தைகள் அடுப்படியில் இருக்க வேண்டாம்.

மூடிய தோலுக்குள் ஈரம் இருக்கிற எதுவும் இதே மாதிரிதான். மிளகாய் பஜ்ஜிக்கு மிளகாயைக் கீறிவிட வேண்டும். மோர்மிளகாயைக் கீறி ஊறவைத்து, வெயிலில் முறுகக் காயவிட்ட பிறகே பொரிக்க வேண்டும். மீனைக் கழுவியதும் துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு மசாலா தடவினால் தெறிப்பு பாதியாகக் குறையும்.

எந்த எண்ணெய், எத்தனை தடவை

கடலை எண்ணெயில் சுட்ட வடையின் வாசனை எனக்கு வேறு எதிலும் கிடைப்பதில்லை. ஆனால் செக்கில் ஆட்டிய எண்ணெயில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் இருப்பதால் அது 160 டிகிரி வாக்கிலேயே புகைய ஆரம்பிக்கலாம். சுத்திகரித்த கடலை எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் 220 டிகிரியைத் தாண்டித்தான் புகையும். ஆகவே செக்கு எண்ணெயைத் தாளிக்கவும் துவையலுக்கும் வைத்துக்கொண்டு, மணிக்கணக்கில் பொரிக்கிற நாளுக்கு ரீஃபைண்ட் எண்ணெயை எடுப்பது சரியான யோசனை என்றே நினைக்கிறேன். செக்கு எண்ணெயிலேயே செய்வேன் என்றால் தீயைக் கவனித்துக்கொண்டு, சின்னச் சட்டியில் கொஞ்சமாகச் செய்யுங்கள்.

பொரித்த எண்ணெயைத் திரும்பப் பயன்படுத்தலாமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. ஒவ்வொரு முறையும் எண்ணெய் காற்றோடும், மாவிலிருந்து வரும் தண்ணீரோடும், சூட்டோடும் சேர்ந்து உடைகிறது. உடைந்ததில் ஒரு பகுதி, எண்ணெய் புகைய ஆரம்பிக்கும் சூட்டை இறக்கிவிடும், இன்னொரு பகுதி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு எண்ணெயைக் கெட்டியாக்கும். வாணலி விளிம்பில் பிசின் மாதிரி மஞ்சளாக ஒட்டிக்கொண்டு தேய்த்தாலும் போகாதே, அது இதுதான். இந்தச் சிதைவை அளக்க ஒரு கணக்கு இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2018 ஜூலை 1 முதல், மொத்தத் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் சிதையும்போது அதில் சேரும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமைக்கப் பயன்படுத்தக்கூடாது என்று வைத்திருக்கிறது. கடைகளில் மிஞ்சும் பழைய எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் ஆக்கும் திட்டத்தையும் அதே ஆண்டு தொடங்கினார்கள்.

வீட்டில் அதை அளக்க முடியாது, அடையாளங்களைப் பார்க்கலாம். சாதாரணமாக வரும் குமிழ் பெரிதாக வந்து உடனே உடையும், கெட்ட எண்ணெயில் சோப்பு நுரை மாதிரி சின்னச் சின்னதாகப் பொங்கி அடங்காமல் நிற்கும். நிறம் அடர்ந்திருக்கும், கரண்டியிலிருந்து கூழாக வழியும், வழக்கத்தைவிடச் சீக்கிரம் புகையும், சிக்கு வாடை அடிக்கும். இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் அதை விட்டுவிடுங்கள். நான் கடைப்பிடிப்பது இப்படி: ஒருமுறை பொரித்த எண்ணெய் ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டி, மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரத்தில் வெளிச்சம் படாமல் வைத்து, ஒரு வாரத்துக்குள் தாளிப்புக்கும் பொரியலுக்கும் தீர்த்துவிடுவேன். மறுபடி சட்டி வைக்கப் புது எண்ணெய்தான். பழையதோடு புதியதை ஊற்றி நிரப்பினால் புதியதும் சீக்கிரம் கெடும். அதனாலேயே முதலில் எண்ணெயைக் குறைவாக ஊற்றுவது நல்லது, சின்ன, குழிவான வாணலி என்றால் 300 மில்லியே போதும். மீன் பொரித்த எண்ணெய் வாடையோடு இருக்கும், அதை மறுபடி மீனுக்கு மட்டும். தூக்கி எறிவதை சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாயில் கட்டிக்கொள்ளும். பழைய துணியிலோ காகிதத்திலோ ஊறவிட்டுக் குப்பையில் போடலாம்.

உருளைக்கிழங்கு சிப்ஸ் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பொரிக்க வைத்திருக்கும் கிழங்கை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம். குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், அப்புறம் எண்ணெயில் போட்டால் வேகும் முன்பே கருஞ்சிவப்பாகும். அப்படிக் கருக்கிய கிழங்கில் உடம்புக்குக் கெடுதலாகக் கருதப்படும் அக்ரிலமைடு என்ற பொருள் அதிகமாக உண்டாகிறது என்று 2002இல் ஸ்வீடனில் கண்டறிந்து சொன்னார்கள், அதனால் வெளிர் பொன்னிறத்திலேயே எடுத்துவிடுவது நல்லது. வெட்டிய கிழங்கைக் கால் மணி நேரம் தண்ணீரில் போட்டு அலசி, துணியில் துடைத்துப் பொரித்தால் நிறமும் நன்றாக வரும்.

பயப்பட வேண்டியதற்கு மட்டும் பயப்படுங்கள்

வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் வேண்டாம், மாவு விழுந்ததும் நுரை ஏறும். வாணலியின் காது வெளியே நீட்டிக்கொண்டு புடவையோ துப்பட்டாவோ மாட்டும்படி இருக்கக்கூடாது. வடையை உயரத்திலிருந்து வீசுவதால்தான் எண்ணெய் தெறிக்கிறது, பயம் கையை உயரத்தில் நிறுத்துகிறது. ஈரக்கையிலோ எண்ணெய் தடவிய பால் கவரிலோ தட்டி, எண்ணெய்க்கு வெகு அருகில், ஓரத்திலிருந்து வழுக்கி விட்டால் ஒரு சொட்டு தெறிக்காது. கைபேசி வந்தால் அடுப்பை அணைத்துவிட்டுப் பேசுங்கள். ஆளில்லாமல் அடுப்பில் காயும் எண்ணெய் முதலில் புகையும், 350 டிகிரிக்கு மேல் ஏறினால் தானாகவே பற்றிக்கொள்ளும்.

பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், எரிகிற எண்ணெய்க்கு அடியில் போகும், போன வேகத்தில் 1,700 மடங்கு ஆவியாகி எண்ணெயைத் தீயோடு கூரை வரை தூக்கி எறியும். அடுப்பை அணையுங்கள், ஒரு தட்டையோ மூடியையோ பக்கவாட்டிலிருந்து நகர்த்தி வாணலியை முழுக்க மூடுங்கள். காற்று இல்லாவிட்டால் தீ அடங்கும். சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடாதீர்கள், ஆறும் வரை மூடியைத் திறக்கவும் வேண்டாம். அதனால் பொரிக்க ஆரம்பிக்கும் முன்பே சட்டிக்குப் பொருந்துகிற மூடி ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் எடுத்துவைத்துவிடுங்கள். கையில் எண்ணெய் பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பேனா மை, பற்பசை, இட்லி மாவு எதுவும் தடவாதீர்கள், அவை சூட்டை உள்ளேயே பூட்டிவைக்கும். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ முகத்தில் பட்டாலோ மருத்துவமனைதான்.

எதிலிருந்து தொடங்குவது என்றால், அப்பளத்திலிருந்து. அதில் ஈரம் மிகக் குறைவு, தெறிக்காது, எண்ணெய் காய்ந்ததா இல்லையா என்று மூன்று விநாடியில் சொல்லிவிடும். அடுத்து வடகம். அப்புறம் வாழைக்காய் பஜ்ஜி, மாவைக் கரைப்பதும் சூட்டைப் பிடிப்பதும் அதில் பழகிவிடும். பஜ்ஜி நாலு தடவை நன்றாக வந்த பிறகு உளுந்து வடை. பூரியை எப்போது வேண்டுமானாலும் நடுவில் சேர்த்துக்கொள்ளலாம். முறுக்கு வடைக்குப் பிறகு, சத்தம் அடங்குவதைக் கேட்கப் பழகிய காதோடு. சீடையை அடுத்த கோகுலாஷ்டமிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் ஒரு நல்ல சல்லடை வாங்கிவிடலாம்.